கதவில் எதையும் தொங்கவிடக் கூடாது

சந்தனச்சோலையில் எந்தக் கதவிலும் எதையும் தொங்கவிடக் கூடாது. அங்கே அதுதான் முதல் சட்டம். மாவிலைத் தோரணம் கூடாது. எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிறு கூடாது. பால்கனியில் துவைத்த துணி கூடாது. ஒரு கைக்குட்டை காற்றில் ஆடினால் போதும், வண்டு மாதிரி ஒரு கேமரா பறந்து வந்து எதிரே நின்றுகொண்டு, "தயவுசெய்து அகற்றவும், தயவுசெய்து அகற்றவும்" என்று பொம்பளைக் குரலில் சொல்லும். எடுக்கிற வரைக்கும் போகாது. எல்லாக் கதவும் ஒரே வெள்ளை. உள்ளே கல்யாணமா கருமாதியா, வெளியே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அழகு என்பார் மேனேஜர்.

எங்கள் வேலித் தெரு அப்படியில்லை. சந்தனச்சோலை மதிலுக்கு வெளியே, மதிலை ஒட்டினாற்போல வளையமாகச் சுற்றிப் போகிற வரிசை வீடுகள்தான் வேலித் தெரு. உள்ளே வேலை செய்கிற கொத்தனார், சித்தாள், சமையல்காரி, டிரைவர், பெருக்குகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் குடியிருந்தோம். வாடகை கிடையாது. கம்பெனியே கட்டிக் கொடுத்தது. அந்தத் தெருவில் வாசலைப் பார்த்தே வீட்டுக்குள் என்ன என்று சொல்லிவிடலாம். தென்னங்கீற்று முடைந்து கட்டியிருந்தால் கல்யாணம். வேப்பிலைக் கொத்து தொங்கினால் அம்மை. பிள்ளைத்தாச்சியும் கைக்குழந்தைக்காரியும் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள். மற்றவர்கள் பாலையும் இளநீரையும் வாசலில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பொட்டு வந்த பிறகு எங்கள் தெருவில் வேப்பிலை கட்ட வேலையே இல்லாமல் போனது. ஆனால் பழக்கம் போகவில்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் நிலைப்படியைத்தான் பார்க்கும். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் நான் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதினோராவது மாடிக்குப் போனேன்.

நான் தேசம்மா. சித்தாள். என் வீட்டுக்காரர் நாகமுத்து கொத்தனார். எங்களுக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்தவள் தாமரை. அப்போது அவளுக்கு எட்டு மாதம்.

பொட்டு என்றால் நெற்றியில் வைப்பதல்ல. பிள்ளைக்கு ஒன்பது மாதம் முடிந்து தட்டம்மை ஊசி போடும்போது இடது தோளில் தோலுக்கு அடியில் அரிசி மாதிரி ஒன்றை வைப்பார்கள்; பெரியவர்களுக்கும் வைத்தார்கள். போட்ட ஊசிகளின் காவல் ரத்தத்தில் இருக்கிற வரைக்கும் அது பச்சையாக மினுங்கும். காவல் குறைந்தால் மஞ்சளாகும். அரசாங்கத்து நர்சு ஜெசிந்தா சிஸ்டர் வந்து அடுத்த ஊசியைப் போட்டுப் பச்சையாக்கிவிட்டுப் போவார். வேலித் தெருவில் பச்சை இல்லாத ஆளுக்கு வீடும் இல்லை, வேலையும் இல்லை. எங்கள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லைதான். நாங்களும் எதிர்த்துப் பேசவில்லை. எதற்குப் பேச வேண்டும்? ஊசி வேண்டாம் என்று ஊரெல்லாம் வீடியோ சுற்றின காலம் ஒன்று இருந்தது. அப்போது ஊசி போடாத என் அக்கா தொண்டை அடைப்பான் வந்து, ஒரு வாய்த் தண்ணீர் இறங்காமல் செத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். ஊசியின் அருமையை எனக்கு யாரும் மைக் வைத்துச் சொல்ல வேண்டாம்.

தினமும் பெரிய கேட்டில் ஒரு கண்ணாடிக் கண் எங்கள் தோளைப் பார்க்கும். "பச்சை", "பச்சை" என்று சொல்லி வழிவிடும். இடுப்பில் தாமரையைப் பார்த்தால் "விலக்கு" என்று சொல்லும், வயது பத்தவில்லை என்பதால். உள்ளே குடியிருக்கிறவர்கள் கார் போகும்போதும் அதே குரல் "விலக்கு" என்றுதான் சொல்லும்.

"பாத்தியா, உன் பொண்ணுக்கும் ஓனருங்களுக்கும் ஒரே மரியாதை" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

கேட்டுக்கு மேலே ஒரு பலகையில் எப்போதும் ஒரு எண் எரியும். தொண்ணூற்றாறு, சில நாள் தொண்ணூற்றேழு. அது என்னவென்று என் கொழுந்தன் குமரவேலைக் கேட்டேன். டிரைவர் வேலை பார்க்கிறவன், எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவான்.

"தண்ணித் தொட்டி அளவு அண்ணி. இவங்க தொட்டி மட்டும் என்னிக்காவது கொறையுதா பாரு" என்றான்.

பதினோராவது மாடியில் வைஷாலி மேடம் வீட்டில் குளியலறைத் தரை ஒழுகியது. டைல்ஸை உடைத்துவிட்டு மறுபடி பதிக்க வேண்டும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவது சித்தாளுக்குப் புதிதல்ல. எங்கே ஒரு கம்பி கண்ணில் படுகிறதோ அங்கே பழைய புடவையில் தூளியைக் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். நான் பால்கனிக் கம்பியில் கட்டினேன். நல்ல காற்று. தாமரை கண் அசந்தாள். அதற்குள் வண்டு வந்துவிட்டது.

"தயவுசெய்து அகற்றவும்."

"கொழந்தடா அது" என்றார் என் வீட்டுக்காரர், கையில் சுத்தியலோடு.

"தயவுசெய்து அகற்றவும்."

வைஷாலி மேடம் ஓடி வந்தார். நல்ல மனசுக்காரர். அதை நான் மறைக்கப் போவதில்லை. எங்களை வாங்க போங்க என்றுதான் பேசுவார், டம்ளரைத் தனியாக வைக்க மாட்டார். "ஐயோ தேசம்மா, உள்ள கட்டிக்கோங்க. ஹால்ல ஊஞ்சல் கொக்கி இருக்கு. ஏசி போட்டு விடுறேன், பாப்பா நிம்மதியாத் தூங்கட்டும்" என்றார். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்து ஏசி போட்டார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளறையிலிருந்து அவர் பெண் இஷானி வந்தாள். ஐந்து வயது இருக்கும். கண் இரண்டும் சிவந்து கிடந்தது, மூக்கு ஒழுகியது.

"என்ன கண்ணு, கண்ணெல்லாம் செவந்திருக்கு?" என்றேன்.

"அலர்ஜி தேசம்மா. டைல்ஸ் தூசி ஆகல" என்றார் மேடம், அவள் வாயைத் திறப்பதற்குள்.

நாங்கள் இன்னும் ஒரு டைல்ஸைக்கூட உடைக்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இஷானி தூளியை விலக்கித் தலையை உள்ளே விட்டாள். "பாப்பா பேரு என்ன ஆன்ட்டி?"

"தாமரை."

"தாமரை! ஏய் தாமரை!"

அவள் கூப்பிடக் கூப்பிட என் பெண் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிச் சிரித்தாள். இஷானியும் சிரித்தாள், சிரிப்புக்கு நடுவே லொக்கு லொக்கென்று தூளிக்குள்ளேயே இருமினாள். குழந்தை அவள், அவளுக்கு என்ன தெரியும்? நான் நிலைப்படியைப் பார்த்துவிட்டுத்தானே வந்தேன். வெள்ளைக் கதவு. ஒரு இலை இல்லை. அம்மை இருந்தால் கட்டியிருப்பார்களே என்று நினைக்கிற சனம் நாங்கள். கட்டக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறவர்களிடம் இலையைத் தேடியிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து இஷானி வெளியே வரவில்லை. கேட்டால், "தூங்குறா" என்றார் மேடம். அறைக்கதவு சாத்தியே கிடந்தது. தூளி மட்டும் ஹாலில்தான் தொங்கியது, வேலை முடிகிற வரைக்கும்.

வேலை முடிந்து பத்துப் பன்னிரண்டு நாளில் தாமரைக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு இருமல், கண் சிவப்பு. பிறகு காதோரத்தில் சிவப்புத் தடிப்பு கிளம்பி முகம், மார்பு, வயிறு என்று இறங்கியது. மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே போய் வந்தது. ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். ஜெசிந்தா சிஸ்டர் செய்தி கேட்டு அங்கேயே வந்துவிட்டார். பிள்ளையின் காதோரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"தட்டம்மை, தேசம்மா" என்றார்.

"தெருவுல யாருக்கும் இல்லையே சிஸ்டர்."

"தெருவுல எப்படி இருக்கும்? தெருவே பச்சையா இருக்கு. எந்த வீட்ல வேலை பாத்த?"

சொன்னேன். "ஆனா அந்த வீட்ல வேப்பிலை இல்ல சிஸ்டர். நான் பாத்துட்டுத்தான் போனேன்" என்றேன். சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

மூக்கில் குழாயோடு என் பிள்ளை கிடந்தாள். நான் சிஸ்டரிடம்தான் பாய்ந்தேன். வேறு யாரிடம் பாய்வது? "ஊருக்கெல்லாம் போட்டீங்களே, எம் பிள்ளைக்கு முன்னாடியே போட்டிருக்கக் கூடாதா?"

"போட்டாலும் சரியாப் பிடிக்காதும்மா. வயித்துல இருக்கும்போது நீ குடுத்த காவல் கொஞ்சம் பிள்ளை உடம்புல மிச்சம் இருக்கும். அது ஊசியை வேலை செய்ய விடாது. ஆனா நோயை எதிர்த்து நிக்கவும் அதுக்குத் தெம்பு போதாது. அந்த நடுவுல பிள்ளைக்குன்னு சொந்தக் காவல் கிடையாது. சுத்தி இருக்கறவங்கதான் காவல். சுத்தி எல்லாரும் போட்டிருந்தா நோய் நுழைய சந்து இருக்காது. நம்ம பிள்ளைக்கு ஊசி போடறது நம்ம பிள்ளைக்கு மட்டும் இல்ல, பக்கத்து வீட்டுத் தொட்டில்ல கிடக்கறதுக்கும் சேத்துத்தான்."

"உள்ள இருக்கறவங்க போடலையா? அவ்ளோ படிச்சவங்க?"

"அவங்களுக்கு விலக்கு."

"அப்டின்னா?"

சிஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். "கேட்டு மேல ஒரு நம்பர் எரியுதே, அது என்னன்னு நினைச்சே?"

"தண்ணித் தொட்டி."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அது அழுகை மாதிரி இருந்தது. "தொட்டி இல்லம்மா. நீங்க. மதிலுக்கு உள்ளயும் வெளியயும் சேத்து நூத்துக்கு எத்தனை பேர் பச்சைன்னு காட்டுது. நூத்துல தொண்ணூத்தஞ்சு பேர் போட்டிருந்தா மிச்ச அஞ்சு பேர் போடாமலே தப்பிச்சுக்கலாம்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லிச்சு. அந்த அஞ்சு பேருதான் சந்தனச்சோலைப் பிள்ளைங்க. ஒடம்புல எதையும் ஏத்தாத சுத்தமான பிள்ளைங்கன்னு சொல்லித்தான் இந்த வீடுங்களுக்கு விளம்பரமே. ஒவ்வொரு பிள்ளையச் சுத்தியும் இத்தனை பச்சை ஆளுங்க வேணும்னு பாத்து, அதுக்குத் தக்கன வீடு கட்டி உங்களக் குடி வச்சாங்க. கல் மதில் திருடனுக்கு. நோய்க்கு மதில் உங்க ஒடம்பு."

வாடகை இல்லாத வீடு, நல்ல கம்பெனி என்று ஊரில் பீற்றிக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சும் எங்ககிட்ட சொல்லலையே சிஸ்டர்."

"சொன்னா கோவத்துல ஊசியே வேணாம்னு ஓடிருவீங்களோன்னு பயந்தேன். உங்க பிள்ளைங்க உசுரோட இருக்கறதுதான் எனக்குப் பெருசாப் பட்டுது."

அவர் சொன்னதும் நியாயம்தான். அந்த வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் எங்கள் தெருப் பிள்ளைகள் யாரும் படுத்திருக்கவில்லை என்பதையும் நான் பார்த்தேன்.

தாமரை பிழைத்தாள். இரண்டு காதிலும் சீழ் வடிந்து நின்றது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மதியம் பக்கத்து வீட்டில் சுவரைக் குடைய டிரில்லிங் மிஷின் ஓட்டினார்கள். எங்கள் சுவரே அதிர்ந்தது, எனக்குப் பல் கூசியது. தாமரை விரலைச் சப்பிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னாலிருந்து கூப்பிட்டேன். கத்திக் கூப்பிட்டேன். என் வீட்டுக்காரர் சிமெண்டுச் சட்டியை எடுத்துக் கொத்துக் கரண்டியால் அடித்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார், காதுக்குள் நரம்பு போயிருக்கலாம் என்று. நாங்கள்தான் சீழ் நின்றதும் சரியாகிவிடும் என்று இருந்தோம்.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதினோராவது மாடிக்குப் போனேன். அதே வெள்ளைக் கதவு.

"வாங்க தேசம்மா. பாப்பா எப்படி இருக்கா? கேள்விப்பட்டேன்" என்றார் மேடம். கதவைப் பாதிதான் திறந்தார்.

"இஷானிக்கு வந்தது அலர்ஜியா மேடம்?"

"டாக்டர் அப்படித்தான்..."

"எந்த டாக்டரு?"

அவர் தரையைப் பார்த்தார். "வெளிநாட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தோம். அங்க ஒரு குழந்தைக்கு இருந்திருக்கு. டாக்டர் சொன்னாரு தட்டம்மைன்னு. வெளிய சொன்னா இங்க பக்கத்துல யாரும் சேத்துக்க மாட்டாங்க தேசம்மா. உடல்நலம் தனிப்பட்ட விஷயம்னு இங்க விதியே இருக்கு."

"எம் பிள்ள தூளிய ஹால்ல கட்டச் சொன்னீங்களே. அப்பத் தெரியுமா?"

"மறுநாள்தான் தெரியும். சத்தியமா."

"மறுநாளும் ஹால்லதான் தொங்கிச்சு. அதுக்கு அடுத்த நாளும்."

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உங்க எல்லாருக்கும்தான் பொட்டு இருக்கே, ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். கைக்குழந்தைக்கு இருக்காதுங்கறது எனக்குத் தோணவே இல்ல."

"எங்களுக்கு இருக்குன்னு தெரியுதில்ல மேடம், அது நல்லதுன்னும் தெரியுதில்ல? உங்க பொண்ணுக்கு ஏன் போடல?"

"அதுல ஏதேதோ கலக்கறாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. ரிஸ்க் எதுக்குன்னு..."

"ரிஸ்க்கு எங்க தோள்ல இருக்கட்டும்."

அவர் அழுதார். நான் அழவில்லை. எனக்கு அழுகை தீர்ந்திருந்தது. அவர் பொல்லாதவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. பிஸ்கட் கொடுத்தார், ஏசி போட்டுவிட்டார், ஒரு வார்த்தை மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு என் பிள்ளையின் இரண்டு காது.

விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. பம்படியில் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பேச்சு. குமரவேல் வந்தபோது அவன் சட்டைக் கை நனைந்து ரத்தம் ஒழுகியது. கையில் பிளேடு.

"நோண்டி எடுத்துட்டேன் அண்ணி" என்றான். உள்ளங்கையில் பொட்டு கிடந்தது, ரத்தத்தில் ஊறி. "எல்லாரும் எடுங்க. பிள்ளைங்களுக்கு இனிமே ஊசியும் வேணாம். வேலி இல்லாம எப்படி இருக்காங்கன்னு பாத்துருவோம்."

நாலைந்து பேர் ஆமா ஆமா என்றார்கள். என் வீட்டுக்காரரும் எழுந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது.

"நோண்டிட்டியா? சந்தோஷம்" என்றேன் குமரவேலிடம். "பொட்டத்தான எடுத்த? ஊசியோட காவல் ரத்தத்துல இருக்கு. ஒடம்பு ரத்தத்த மொத்தமா ஊத்திட்டு வருவியா? பெரிய வீரன்."

யாரோ சிரித்தார்கள். அவனுக்குக் கோபம் வந்தது. "காது போனது உம் பொண்ணுக்கு அண்ணி. உனக்கே கோவம் வரலன்னா..."

"கோவம் வரலையா?" நான் தாமரையை இடுப்பில் மாற்றிக்கொண்டேன். "டேய், ஊசி போடாதவன் வீட்டுலேருந்துதாண்டா எம் பொண்ணுக்கு இது வந்துச்சு. இப்ப நீ எங்களையும் போடாதவனா ஆக்கப் பாக்கற. ஆஸ்பத்திரில மூச்சுக்கு முட்டுற பிள்ளய நீ பாக்கல, நான் பாத்தேன். எல்லார் வீட்டுக்கும் அது வரணுமா? அந்தா நிக்கறாளே கமலி, நெறமாசமா. அவ பெத்துப் போடப் போறது யார நம்பிக் கெடக்கும்? அந்த பதினோராவது மாடியயா?"

கமலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டம் அடங்கியது.

"ஊசி நம்ம பிள்ளைங்களுது. அத யாருக்காகவும் விடக் கூடாது" என்றேன். "ஆனா நம்ம யாருக்கு மதிலா நிக்கறதுன்னு நம்மதான் சொல்லணும். மதிலுக்குக் கால் இருக்குங்கறத அவங்க மறந்துட்டாங்க. நடப்போம்."

ஜெசிந்தா சிஸ்டர் வந்து குமரவேல் தோளுக்குக் கட்டுப்போட்டார். "அறிவு கெட்டவனே, டெட்டனஸ பொட்டு காட்டாது. அந்த ஊசி போட்டு எத்தனை வருஷமாச்சு?" என்று கேட்டார். அவனுக்கே தெரியவில்லை. அங்கேயே ஒன்று போட்டார், அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஐயோ என்றான்.

மறுநாள் காலை வேலித் தெரு காலியானது. சட்டி பானை, பாய், டி.வி., கோழிக்கூடு எல்லாம் தலையில். சிஸ்டரின் சுகாதார நிலையம் இருக்கிற ஏரிக்கரையில் எங்கள் சனம் கொஞ்சம் பேர் ஏற்கெனவே இருந்தார்கள், அங்கே போய்க் கூடாரம் போட்டோம். கேட்டைத் தாண்டும்போது எல்லாரும் அண்ணாந்து பலகையைப் பார்த்தார்கள். தொண்ணூற்றாறு தொண்ணூற்றைந்தானது. பிறகு தொண்ணூறு. எண்பது. நாங்கள் நடக்க நடக்க அது இறங்கியது. எங்கள் காலடிக்கு ஏற்ற மாதிரி ஒரு எண் விழுவதை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். சிவப்பாகிவிட்டது. "பாதுகாப்பு குறைவு. உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருக்கவும்" என்று சொல்லிவிட்டு கேட் தானாகச் சாத்திக்கொண்டது.

சாத்தின கேட்டில் நான் ஒரு பெரிய வேப்பங்கொத்தைக் கட்டினேன். முறைப்படி, மஞ்சள் துணி சுற்றி. வண்டு வந்தது.

"தயவுசெய்து அகற்றவும்."

"நீயே அகத்து" என்றார் என் வீட்டுக்காரர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

மேனேஜர் ஏரிக்கரைக்கு வந்தார், வாயில் துணி கட்டிக்கொண்டு. உள்ளே பள்ளிக்கூடம் மூடியாச்சு, பார்க் மூடியாச்சு, பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், இஷானி போலவே இன்னும் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று கேள்வி, யார் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்றார். அவர் குரலிலேயே பயம் இருந்தது. அவருக்கும் உள்ளே இரண்டு பிள்ளைகள்.

"உங்களுக்கு என்னதாம்மா வேணும்? வீட்டுக்கு ஏசி வேணுமா?"

"உள்ள இருக்கற பிள்ளைங்களுக்கு ஊசி போடுங்க. அம்மை இருக்கற வீட்டுக் கதவுல வேப்பிலை கட்டுங்க."

"கட்டாயப்படுத்த முடியாதும்மா. அவங்கவங்க ஒடம்பு, அவங்கவங்க விருப்பம்."

"ஒடம்பு அவங்களோடது. மதிலு யாரோடது?"

"சட்டத்துலயே விலக்கு இருக்கு."

"எம் பொண்ணுக்கும் விலக்குன்னுதான் உங்க கேட்டு சொல்லிச்சு சார். அவளுக்கு வயசு பத்தல. உங்களுக்கு என்ன பத்தல?"

அவர் காரில் ஏறினார்.

கேட் வழியாக யாரும் வரவில்லை. ஆனால் குப்பை வண்டி போகிற பின்பக்க வழி ஒன்று உண்டு. அந்த வழியாக வந்தார்கள். முதலில் ஒரு அம்மா, முக்காடு போட்டுக்கொண்டு, பிள்ளையை முந்தானைக்குள் வைத்து. பிறகு இரண்டு பேர். பிறகு மேனேஜர் பெண்டாட்டி, அவருக்கே தெரியாமல். ஒருவரையொருவர் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பக்கத்துப் பக்கத்துக் கதவுக்காரர்களாம். சிஸ்டர் புளியமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சிஸ்டர், பச்சை வெளிய தெரியாத மாதிரி வைக்க முடியுமா?" என்று ஒருத்தி காதோடு கேட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கிருந்து எழுந்து போய்விட்டேன். நோயையும் மறைத்தார்கள், மருந்தையும் மறைத்துத்தான் வாங்குவார்களாம்.

"தெரியணும்மா. தெரிஞ்சாத்தான் அதுக்கு மதிப்பு" என்று சிஸ்டர் சொன்னது கேட்டது.

தாமரைக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. நானும் வரிசையில் நின்றேன். என் பின்னால் வந்து நின்றது வைஷாலி மேடம், இஷானியைக் கையில் பிடித்துக்கொண்டு. அந்தப் பெண்ணுக்கு வந்து சரியாகிவிட்டது, ஒரு தழும்புகூட இல்லை. இருந்தாலும் இதே ஊசியில் இன்னொரு அம்மைக்கும் காவல் இருக்கிறது என்று சிஸ்டர் சொல்லியனுப்பியிருந்தார்.

"தாமரைக்குத்தான் வந்து போயிடுச்சே தேசம்மா. இனிமே வராதே. அவளுக்கும் அந்த இன்னொண்ணுக்காகவா?" என்றார் மேடம் மெல்ல.

"அதுவும்தான்" என்றேன். புளியமரக் கிளையைக் காட்டினேன். கமலி பெற்று இரண்டு வாரமான பிள்ளை அதில் தூளியில் தொங்கியது, என் பழைய புடவையில்தான். "அதோ தூங்குது பாருங்க, அதுக்காகவும்."

இஷானி தாமரையைப் பார்த்துவிட்டாள். என் முதுகுப்பக்கம் நின்று, "தாமரை! ஏய் தாமரை!" என்று கூப்பிட்டாள். தாமரை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இஷானி மறுபடி கூப்பிட்டாள், இன்னும் சத்தமாக. வரிசையே திரும்பிப் பார்த்தது, என் பெண் திரும்பவில்லை.

"ஏன் மம்மி பாப்பா திரும்ப மாட்டேங்குது?"

"பாப்பாவுக்குத் தூக்கம் வருது கண்ணா" என்றார் மேடம்.

என் பெண் கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்குக் காது கேக்காது கண்ணு" என்றேன் நான். "உனக்கு வந்துச்சே காய்ச்சல், அது அவளுக்கும் வந்துச்சு. அதுல போயிடுச்சு."

மேடம் என்னைப் பார்த்த பார்வையில், ஏன் சொன்னாய் என்று இருந்தது. நானும் பார்த்தேன். அவர்தான் குனிந்துகொண்டார். இஷானி கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைச் சுற்றி முன்பக்கம் வந்து, தாமரையின் முகத்துக்கு நேரே கையை ஆட்டினாள். தாமரை சிரித்தாள். சிஸ்டர் ஊசி குத்தியதும் அழுதாள். தோளில் பச்சை மினுங்கியதும் அழுகையை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள்.

உள்ளே பெரும்பாலான பிள்ளைகள் ஊசி போட்டுக்கொண்டதும் கேட்டுப் பலகையில் எண் மறுபடி பச்சையானது. முன்னைவிட அதிகம். மதிலுக்குள் இருக்கிறவர்களையும் இப்போது அது நிஜமாகவே பச்சையில் கூட்டிக்கொண்டது. கேட் திறந்தது. நாங்கள் வேலைக்குத் திரும்பினோம், வயிறு இருக்கிறதே. வீட்டை மட்டும் ஏரிக்கரையை விட்டு மாற்றவில்லை. காலையில் போகிறோம், வேலை முடிந்ததும் எங்கள் இடத்துக்கு வந்துவிடுகிறோம். வேலித் தெரு காலியாகத்தான் கிடக்கிறது.

கேட்டில் கட்டின வேப்பிலை காய்ந்து சருகாகிவிட்டது. வண்டு கத்திக் கத்தி ஓய்ந்து போயிருந்தது. ஒரு நாள் நான் அந்தச் சருகை அவிழ்த்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தேன். மேனேஜர் காரை நிறுத்தி இறங்கினார்.

"இன்னும் எதுக்கும்மா இது? பாக்க நல்லாவா இருக்கு? எல்லாம் சரியாப் போச்சே. கழட்டிடு."

"கழட்டிடறேன் சார்" என்றேன். "உள்ள எந்த வீட்ல இப்ப அம்மை இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. அந்தக் கதவுல மாத்திக் கட்டிடறேன்."

அவர் காரில் ஏறினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

நான் முடிச்சை இன்னும் ஒரு இறுக்கு இறுக்கினேன்.